கல்லும் மேடைத் தோட்டமும்: கிருஷ்ணராஜசாகரத்தில் ஓர் அரச பிரகடனம்

கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் பகுதியிலிருந்துகொண்டு, நூறு மைலுக்கும் அப்பாலுள்ள மைசூர்ப் பிருந்தாவனத் தோட்டத்தை ஆராயப் புகுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும் அத்தோட்டத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் அணையின் ஜாதகத்தில் இவ்வூர்ச் சுரங்கங்களுக்குப் பங்கு உண்டு. 1902இல் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம், பெங்களூருக்குப் போவதற்கு முன்பே, ஏறத்தாழ 92 மைல் கம்பி வழியாக, ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய சுரங்கங்களை வந்தடைந்தது. கோடையில் காவிரி மெலியும்போது அம்மின்சாரமும் மெலிந்துவிடலாகாது என்னும் கவலை, 1911இல் கண்ணம்பாடியில் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர அணைக்குத் தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யா காட்டிய நியாயங்களுள் முக்கியமான ஒன்று.

அணையின் அடிவாரத்தில், 1927இல் தொடங்கி 1932இல் முற்றுப்பெற்ற இத்தோட்டம், திவான் மிர்சா இஸ்மாயிலின் ஆர்வத்தாலும் ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் க்ரும்பீகலின் கைத்திறத்தாலும் உருவாயிற்று. காஷ்மீரத்து ஷாலிமாரைப் பார்த்து அமைத்தது இது, ரசிகரான ஒரு திவானின் சௌந்தர்ய உபாசனையே இதற்குக் காரணம் என்று கையேடுகளும் வழிகாட்டுவோரும் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். இவ்வாசிப்போடு எனக்கு உடன்பாடில்லை. மேடை மேடையாக இறங்கும் நீர்வழி ஷாலிமாரினது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஷாலிமாரில் நீர் வருவது மலையிலிருந்து. இங்கே மலை நிற்கவேண்டிய இடத்தில், 8,600 அடி நீளமுள்ள கற்சுவர் ஒன்று, அன்று ஆண்ட மன்னர் கிருஷ்ணராஜரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே பாதுஷாவின் உல்லாசத்துக்காகக் கட்டினார்கள். இங்கே குடிமக்களும் வெளியூர் விருந்தினரும் வந்து காணவேண்டும் என்றே திறந்து வைத்தார்கள். எந்த மேடையில் நின்று நோக்கினாலும் பார்வை அணையில் போய் முட்டும்படி அமைந்த ஒரு தோட்டத்தை அழகுணர்ச்சி என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது.

காலத்தையும் கருதவேண்டும். காவிரி நீரைப்பற்றிச் சென்னை இராஜதானியோடு உடன்படிக்கை ஏற்பட்டது 1924இல். தோட்டம் உருவாகிக்கொண்டிருந்த 1930 ஏப்ரலில், இதே தங்கவயலில், கைரேகைப் பதிவை எதிர்த்துத் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ‘மாதிரி சமஸ்தானம்’ என்ற கீர்த்தியைக் காத்துக்கொள்ள வேண்டிய அரசுக்கு, இரவில் வண்ண விளக்கொளியில் எழும் நீரூற்றுகள் எத்தகைய சாட்சியாகப் பயன்பட்டிருக்கும் என்பது விளங்கும். அணையின் மின்சாரக் கணக்கைத் தோட்டம் கண்ணிலிருந்து மறைத்து, நீரை மன்னரின் கொடையாகக் காட்டிற்று.

பெயரும் இதையே பேசுகிறது. முதலில் இது கிருஷ்ணராஜேந்திர மேடைத் தோட்டம். பிருந்தாவனம் என்பது பின்னர் வழங்கிய பெயர். மன்னர் பெயர் மறைந்தது போலிருப்பினும், கிருஷ்ணனின் வனம் என்ற வகையில் கிருஷ்ணராஜர் நிலைபெறவே செய்கிறார். நீரில் மூழ்கிய கண்ணம்பாடியில் இருந்ததும் வேணுகோபாலன் கோயிலே. இப்பெயர் மாற்றத்தை அக்கோயிலோடு இணைப்பது என் ஊகம் மட்டுமே என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆயினும் குழலூதும் கண்ணன் கோயில் நீருக்குள்ளும் அவன் வனம் கரைமேலும் அமைந்ததைத் தற்செயல் என்று தள்ள என் மனம் இடந்தரவில்லை.

இனி, என்னைப் பெரிதும் தடுத்து நிறுத்திய கல்லுக்கு வருகிறேன். அணைக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்த திப்பு சுல்தானின் பாரசீகக் கல்வெட்டு, மொழிபெயர்ப்புகளோடு, அணையின் நுழைவாயிலருகே நிற்கிறது. தலைநகருக்கு மேற்கே காவிரியில் ‘முஹ்யி’ அணைக்கு, திங்கட்கிழமை விடியலுக்கு முன் சுல்தான் அடிக்கல் நாட்டியதாக அது கூறுகிறது. அதில் காணும் ஆண்டு 1221. ஹிஜ்ரி என்று கொண்டால் 1806 ஆகும். திப்பு மாண்டதோ 1799இல். ஆதலால் நபிகளின் பிறப்பிலிருந்து கணக்கிட்டு அவரே ஏற்படுத்திய மௌலூதி ஆண்டாகவே கொள்ளவேண்டும். அதனைச் சிலர் 1794 என்றும் வேறு சிலர் 1798 என்றும் மாற்றியுரைப்பர். நான் முன்னதன் பக்கம் சாய்கிறேன். 1792 உடன்படிக்கையால் பாதி ராஜ்யத்தை இழந்து பெருந்தொகை தண்டமும் கட்ட நேர்ந்தவர்க்குப் புது நிலமும் புது வரியும் உடனடித் தேவையாயிருந்தன. ஆயினும் இது சூழ்நிலைச் சான்றேயன்றி முடிந்த முடிபன்று.

திப்பு கண்ட கனவை மன்னர் நிறைவேற்றினார் என்பதற்கு அத்தாட்சியாகவே இக்கல்லைக் காட்டுகின்றனர். கல்லின் பிற்பகுதியைப் பொறுமையாகப் படித்தவர்க்கு அது கனவாகத் தோன்றாது. அணைநீரால் புதிதாக உழுது பயிரிடுவோர்க்கு, மற்றவர் செலுத்தும் தீர்வையில் நாலில் ஒரு பங்கு தள்ளுபடி. அந்நிலம் அவர்க்கும் அவர் சந்ததிக்கும் நிரந்தர உரிமை. இதற்குத் தடைசெய்பவன் மனித குலத்தின் பகைவன். இது குடியானவனோடு செய்துகொண்ட வரி உடன்படிக்கை. வாயிலில் நிறுத்தப்பட்டபின், அந்த உடன்படிக்கையின் ஷரத்துகள் பின்தள்ளப்பட்டு, ‘அடிக்கல்’ என்ற ஒரு சொல்லே வருவோர் மனத்தில் எஞ்சுகிறது. வீழ்ந்த வம்சத்தின் கல்லை மீண்டும் ஆட்சிக்கு வந்த வம்சம் முகப்பில் வைத்ததைப் பெருந்தன்மை என்பர். முந்தைய அரசின் வாக்குறுதியைப் பிந்தைய அரசின் முகவுரையாக மாற்றிய செயல் என்று நான் படிக்கிறேன்.

மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்மட்டம் தாழும்போது பழைய கண்ணம்பாடிக் கோயிலின் கற்றூண்கள் சேற்றினின்று வெளியே தெரிந்ததுண்டு. அணையின் மறுபுறம், கீழே நிற்கும் தோட்டத்திலிருந்து அவை கண்ணுக்குப் பட்டதில்லை.