மேட்டூர் திறந்து மூடுவதற்குள்

ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் நாள், ஜனவரி 28 மூடும் நாள். டெல்டாக்காரர்களுக்கு இது மனப்பாடம். இந்தக் கெடுவுக்குள் தி.ஜானகிராமனின் நாவல்கள் ஒன்பதையும் படித்து முடிப்பதென்று எனக்கு நானே ஒரு சபதம் வைத்துக்கொண்டேன். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பள்ளியில் பால்சாக்கைத் தந்தார்கள். நம்மூர் ஆசிரியரை முழுதாகப் படிக்க ஓய்வு பெற்றபிறகுதான் நேரம் கிடைத்தது.

1921-இல் மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் பிறந்தவர் தி.ஜா. கும்பகோணத்தில் படித்தார், பள்ளி ஆசிரியராக இருந்தார், பிறகு வானொலி வேலையில் டில்லி போனார். 'மோகமுள்'ளில் கும்பகோணமும் சங்கீதமும், 'அம்மா வந்தா'ளில் காவிரிக்கரை வேதபாடசாலையும் வருகின்றன. ஊரை விட்டுப் பட்டணம் போன ஒரு தலைமுறையின் சரித்திரமாகவும் இவற்றைப் படிக்கலாம்.

ஆனால் வயலில் இறங்கிய கூலிக்காரர்கள் இந்தக் கதைகளின் நடுவில் இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின்போது 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதைப் பத்தாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

சிட்டாவில் பட்டாதாரர் பெயர் இருக்கும், நாற்று நட்டவர் பெயர் இருக்காது. நண்பர்களே, நீங்களும் ஒன்பதோடு நிறுத்தாமல் பத்தாகப் படியுங்கள்.