ஒரு தோட்டாகூடச் சுடாமல்

ஜெர்மனியின் அணு ஆராய்ச்சிக்குக் கனநீர் தந்த வேமோர்க் ஆலையைச் சென்ற வாரம் பார்த்தோம். நார்வே மலைகளுக்கு நடுவே இருந்த அதைத் தகர்க்க, 1942 நவம்பரில் பிரிட்டன் கிளைடர்களில் வீரர்களை அனுப்பியது. கிளைடர்கள் விழுந்து நொறுங்கின. விபத்தில் உயிர் தப்பியவர்களையும் ஜெர்மானியர் பிடித்துக் கொன்றுவிட்டார்கள்; மொத்தம் 41 பேர் மாண்டார்கள்.

அடுத்த முயற்சிக்குத் தலைமை ஏற்ற யோவாகிம் ரோன்னபெர்குக்கு வயது 23. நார்வே ஜெர்மனியிடம் பறிபோன பின் படகேறி பிரிட்டனுக்குத் தப்பி, அங்கே நார்வே இளைஞர்களைக் கொண்டு அமைந்த லிங்கே கம்பெனி என்ற சிறப்புப் படையில் சேர்ந்தவர். 1943 பிப்ரவரி 16 இரவு ஐந்து தோழர்களோடு ஹார்டாங்கர் பீடபூமியில் பாராசூட்டில் இறங்கினார். முன்பே வந்திருந்த நான்கு வீரர்கள் பாசியையும் கலைமான் இறைச்சியையும் தின்று குளிர்காலத்தைத் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 27 இரவு இவர்களில் ஒன்பது பேர் ஆலையை நெருங்கினார்கள். எளிய வழி தொங்கு பாலம்தான். ஆனால் அங்கே நிற்கும் காவலரைக் கொல்ல வேண்டிவரும். பழி சுற்றுவட்டார மக்கள் தலையில் விழும். அதனால் பள்ளத்தாக்கில் இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, எதிர்ப்பக்கச் செங்குத்துப் பாறையில் ஏறினார்கள். இந்த முடிவைத்தான் அந்த இரவின் மிகப் பெரிய வீரம் என்பேன்.

கேபிள் செல்லும் குறுகிய சுரங்கத்தில் ஊர்ந்து ரோன்னபெர்க் உள்ளே புகுந்தார். கனநீர்க் கலன்களில் வெடிமருந்தைப் பொருத்தினார். திரி பற்றவைக்கும் நேரத்தில், அங்கிருந்த நார்வே காவலாளி தன் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்றார். போர்க்காலத்தில் இன்னொன்று கிடைக்காது. வேலையை நிறுத்தி, தேடி எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு நிமிடம் எரியும் திரியை ரோன்னபெர்க் முப்பது நொடிக்கு வெட்டினார். துப்பாக்கி ஒன்றை வேண்டுமென்றே விட்டுவந்தார்கள், வந்தவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தினர் என்று ஜெர்மானியருக்குத் தெரியட்டும் என்று. சுமார் 500 கிலோ கனநீர் தரையோடு ஓடியது. இரு தரப்பிலும் ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. பிறகு அவரும் நான்கு பேரும் 300 கிலோமீட்டருக்கும் மேல் பனிச்சறுக்கி சுவீடனை அடைந்தார்கள்.

சில மாதங்களில் ஆலை மீண்டும் இயங்கியது. நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியபோது நார்வே மக்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாறை ஏறியவர்களின் அருமை அப்போதுதான் புரிகிறது.

தாங்கள் எதைத் தடுத்தோம் என்பதையே ஹிரோஷிமாவுக்குப் பிறகுதான் ரோன்னபெர்க் அறிந்தார். நார்வேயின் உச்ச ராணுவ விருதான போர்ச் சிலுவையைப் பெற்ற அவர், பல ஆண்டுகள் இதைப் பற்றிப் பேசவே இல்லை. முதுமையில்தான் இளைஞர்களிடம் சொல்லத் தொடங்கினார். 2018 அக்டோபரில், 99 வயதில் மறைந்தார்.

எஞ்சிய கனநீரை ஏற்றிய படகை 1944இல் மூழ்கடித்த அவருடைய தோழர் நட் ஹவுக்கெலிடை அடுத்த வாரம் சந்திப்போம்.