மரச் சிப்பாய்கள் நடத்திய பத்திரிகை: பிராண்டே பிள்ளைகளின் எழுத்தார்வம்

1. கேள்வி

கற்பனை இல்லாத குழந்தை இல்லை. அவர்களில் எழுத்தாளர் ஆக வேண்டுமென்ற வேட்கை சிலருக்கே பிறக்கிறது. காரணம் தேட, இங்கிலாந்தின் ஹாவொர்த் ஊர்ப் பாதிரியார் வீட்டில் வளர்ந்த ஷார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் பிராண்டே நால்வரையும் சான்றாகக் கொள்கிறேன்.

2. விளையாட்டு

1826 ஜூனில் தந்தை பாட்ரிக், லீட்ஸிலிருந்து மகனுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பிள்ளைகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். ஷார்லட் தன் பொம்மைக்கு ஆங்கிலத் தளபதி வெலிங்டனின் பெயரை வைத்தார். பிரான்வெல் விடுவாரா, தன்னுடையதற்கு வெலிங்டனின் எதிரி நெப்போலியன் பெயர். சிப்பாய்களுக்காகக் கண்ணாடி நகரம் என்றொரு கற்பனை ஊர் ஆப்பிரிக்காவில் எழுந்தது. பின்னாளில் ஷார்லட்டும் பிரான்வெல்லும் அங்க்ரியா என்ற கற்பனை நாட்டையும், எமிலியும் ஆனும் கோண்டல் என்ற கற்பனை நாட்டையும் படைத்தனர்.

தாய் 1821-லும் மூத்த சகோதரிகள் இருவர் 1825-லும் இறந்திருந்தார்கள். அந்தத் துயரமே கற்பனையைக் கிளறியது என்பார்கள். இருக்கலாம். ஆனால் சாவு விழுந்த வீடுகளிலெல்லாம் எழுத்தாளர் பிறந்துவிடவில்லை.

3. பத்திரிகை

வேட்கை பிறந்த இடம் வேறு என்பது என் கருத்து. பாதிரியார் வீட்டில் ‘பிளாக்வுட்ஸ்’ மாத இதழை விரும்பிப் படித்தார்கள். 1829-ல் அதைப் பார்த்துப் பிரான்வெல் சிப்பாய்களுக்கென ஓர் இதழ் தொடங்கினார். விரைவில் ஷார்லட் ஆசிரியப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பொம்மையின் கைக்கு அடங்கும் அளவு: உயரம் சுமார் 6 செ.மீ., அகலம் 3.5 செ.மீ. காகிதத் துண்டுகளை மடித்து, ஊசிநூலால் தைத்து, அச்செழுத்துப் போலவே பொடி எழுத்தில் எழுதினார்கள். பெரியவர்கள் படிப்பது பெரும்பாடு.

உள்ளே பொருளடக்கம், கதை, கவிதை, விளம்பரமும் உண்டு! கதை சொல்ல விளம்பரம் எதற்கு? பத்திரிகை நடத்தத்தான் அது வேண்டும். சிப்பாய் விளையாட்டு எழுத்தாளர் விளையாட்டாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. ஒருவர் எழுத்தை மற்றவர் தம் கதைக்குள்ளேயே கிண்டலடித்தார்கள். வாசகரும் விமர்சகரும் ஒரே கூரையின் கீழ் கிடைத்துவிட்டார்கள்.

4. வேட்கையின் இரு போக்கு

ஷார்லட்டின் வேட்கை வெளியுலகை நோக்கியது. பெண்ணுக்கு இலக்கியம் வாழ்க்கைத் தொழிலாகாது என்று 1837-ல் அரசவைக் கவிஞர் சதே அவருக்கு எழுதிய கடிதமும் அதை அணைக்கவில்லை. 1839 வாக்கில் அங்க்ரியாவிலிருந்து விடைபெற்றார்.

எமிலி அப்படியல்ல. 1845-ல், 26 வயதில், ஆனுடன் யார்க் போய்வந்த பயணத்திலும் கோண்டல் பாத்திரங்களாகவே நடித்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அவருடைய கவிதை நோட்டு ஷார்லட்டின் கண்ணில் பட்டபோது எமிலி கடுங்கோபம் கொண்டார். பழைய பத்திரிகையாசிரியர் விடவில்லை. பேசிப் பேசி, கவிதைகளை வெளியிட இணங்கவைத்தார். 1846-ல் மூவரும் புனைபெயரில் வெளியிட்ட தொகுதி முதல் ஆண்டில் இரண்டே பிரதி விற்றது. அதற்குத் தந்த கவிதைகளிலிருந்து கோண்டல் பெயர்களை எமிலி முன்கூட்டியே நீக்கியிருந்தார்.