லயத்துக் காம்பராவும் சுகாதார வாக்கும்

1918 ஜூனில் கொழும்புத் துறைமுகம் வழியே இலங்கைக்குள் புகுந்த இன்புளுவென்சா, ஏறத்தாழ 3 லட்சம் உயிர்களைக் குடித்தது என்பது ஆய்வாளர் கணிப்பு. பலன்தரும் தடுப்பூசியோ மருந்தோ இல்லாத காலம். ‘இருமும்போது வாயை மூடு, நோயாளியை விலக்கி வை’ என்ற சொல்லே மருந்து. உலக நகரங்களில் அச்சொல்லைச் சுவரொட்டிகள் பரப்பின. ஊவாத் தோட்டங்களிலோ எழுத்தறிந்தோர் சிலரே. அங்கே செய்தி என்றால் தப்பொலி. பெரட்டுக்களத்தில் கங்காணியின் குரல். அது வேலைக்கு விரட்டும் குரலும்கூட.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் நோயாளியை எங்கே விலக்குவது? பேர் விழாத நாளில் கூலி ஏது? 2020இல் கொவிட் வந்தபோதும் பதுளை, பண்டாரவளை லயங்களில் இதே கேள்விதான்.

நேயர்களே, சுகாதார வாக்கு தமிழில் இருந்தால் மட்டும் போதாது; அதன்படி நடக்க இடமும் கூலியும் வேண்டும்.