ஹோஸ் பைப் ஒழுகினால் என்ன செய்வது? உன்னிச்சை வீட்டுத்தோட்டத்திலிருந்து சில குறிப்புகள்

உன்னிச்சையில் வைகாசி பிறந்தால் கச்சான் காற்று தொடங்கிவிடும். ஆவணி வரை அந்த வரண்ட காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாரியில் வான்கதவு திறக்கும் அளவுக்கு நிறைகின்ற எங்கள் குளம், இந்தக் காலத்தில் கரையை விட்டு உள்ளே ஒதுங்கிப் போய்விடும். வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் இறைப்பதே வேலை.

என் வளவில் 60 மிளகாய்க் கன்றுகள், ஒரு பாத்தி கத்தரி, வேலியோரம் பயிற்றை, கிணற்றடியில் நான்கு வாழை உள்ளன. 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்து வாவியைக் கடந்தபோது, எறிகணை வீச்சில் எனது வலது காலை முழங்காலுக்குக் கீழ் இழந்தேன். செயற்கைக் காலுடன் நடப்பேன். சைக்கிளும் ஓடுவேன். ஆனால் தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குள் நடக்க என்னால் முடியாது. ஈரமண்ணில் அந்தக் கால் வழுக்கும். எனவே ஹோஸ் பைப் எனக்கு வசதிக்கான பொருள் அல்ல. அது இருந்தால்தான் தோட்டம்.

சென்ற வரட்சியில் அந்த ஹோஸில் நான்கு இடங்களில் ஒழுக்கு ஏற்பட்டது. கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. கடையில் வாங்கிய ஒட்டு ரேப்பைச் சுற்றினேன். இரண்டு நாளில் கழன்றது. மேலும் சுற்றினேன். மறுபடி கழன்றது. பிறகு ஒரு பழைய பம்பி மெக்கானிக்கிடம் கேட்டும், நானே செய்து பார்த்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகின்றேன்.

ஒழுக்கை அளந்து பாருங்கள்

சிறு ஒழுக்குத்தானே என்று விடுவது வழக்கம். ஒழுகும் இடத்தின் கீழ் ஒரு 750 மில்லிலீற்றர் போத்தலை வைத்து நேரம் பார்த்தேன். 3 நிமிடத்தில் நிறைந்தது. அப்படியென்றால் மணிக்கு 15 லீற்றர். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் தண்ணீர் விடுகின்றேன். நான்கு ஒழுக்கிலும் சேர்த்து 120 லீற்றர், அதாவது 10 லீற்றர் வாளியில் 12 வாளி, பயிருக்குப் போகாமல் ஒழுங்கையில் போனது.

அந்தத் தண்ணீர் இலவசமாக வரவில்லை. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டது. அதே 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மண்ணெண்ணெய்ப் பம்பி வைத்திருந்த அயலவர்கள் பலர் அந்தப் போகம் தோட்டத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவிக்கு அப்பால் மட்டக்களப்பு நகருக்குப் போகின்றது. குளத்தின் அருகில் இருக்கும் நாங்கள் கிணற்றையும், வரட்சியில் பவுசரையும் நம்பியே நெடுங்காலம் இருந்தோம். அப்படிப்பட்ட ஊரில் 12 வாளி என்பது சிறிய கணக்கு அல்ல.

முதலில் ஒழுக்கைக் கண்டுபிடித்தல்

ஹோஸின் நுனியை மடித்துக் கட்டிவிட்டுத் தண்ணீரைத் திறவுங்கள். முழு நீளத்தையும் துணியால் துடைத்து, கையால் தடவிக்கொண்டே போங்கள். ஈரம் திரும்பவும் வரும் இடத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டி அடையாளம் வையுங்கள். ஒழுகும் நீர் ஹோஸின் அடிப்பக்கத்தால் வழிந்து வேறொரு இடத்தில் சொட்டும். எனவே சொட்டும் இடத்தை நம்ப வேண்டாம்.

பலருடைய ஹோஸில் ஒழுக்கு நடுவில் இருப்பதில்லை, பைப்பில் கொளுவும் வாயில்தான் இருக்கும். அங்கே றப்பர் வாசர் தேய்ந்திருந்தால் பழைய சைக்கிள் ரியூப்பில் வட்டமாக வெட்டிப் போடலாம். ஹோஸின் வாய் அகன்று தளர்ந்திருந்தால் இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய வாயைக் கொளுவிக் கிளிப்பை இறுக்கினால் போதும்.

எந்த ஒழுக்குக்கு எந்தத் திருத்தம்?

நான் ரேப் சுற்றி ஏமாந்ததன் காரணம் இங்கேதான் இருந்தது. ஹோஸுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்க்காமல் திருத்தக் கூடாது.

3 மீற்றர் உயரத்தில் வைத்த தாங்கியிலிருந்து வரும் நீரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 4 இறாத்தல் அளவுதான். அதையே நேராக மோட்டரில் கொளுவினால் 30, 40 இறாத்தல் வரை போகலாம். ஏறக்குறைய சைக்கிள் ரயருக்கு அடிக்கும் காற்றின் அளவு அது. தாங்கித் தண்ணீருக்குச் சுற்றுக்கட்டு நிற்கும். மோட்டர்த் தண்ணீருக்கு நிற்காது, வெட்டி இணைக்கத்தான் வேண்டும். என் ஹோஸ் மோட்டரில் இருந்தது.

ஊசித்துவாரமும் தாங்கித் தண்ணீரும் என்றால் ரியூப் கட்டு போதும். பழைய சைக்கிள் ரியூப்பை ஓர் அங்குல அகல நாடாவாக வெட்டுங்கள். ஹோஸை நன்றாகக் கழுவிக் காய விடுங்கள். துவாரத்துக்கு இரண்டு அங்குலம் முன்னால் தொடங்கி, நாடாவை நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூடும்படி சுற்றி, இரண்டு அங்குலம் தாண்டி முடியுங்கள். நுனியைக் கடைசிச் சுற்றுக்குள் செருகி இறுக்குங்கள். இங்கே வேலை செய்வது ஒட்டு அல்ல, இழுபட்ட றப்பரின் பிடி. ரியூப்புக்குப் பஞ்சர் ஒட்டும் சொலூசன் ஹோஸில் பிடிக்காது, ஏனெனில் சாதாரண பச்சை ஹோஸ் றப்பர் அல்ல, மென்மையாக்கப்பட்ட பிளாஸ்ரிக். பி.வி.சி. பைப் ஒட்டும் கம்மும் வளையும் ஹோஸில் வெடித்துப் பிளக்கும்.

வெடிப்பு, நீளக் கிழிசல், எலி கடித்த இடம், மோட்டர்த் தண்ணீர் என்றால் வெட்டி இணைக்க வேண்டும்.

1. பழுதான பகுதியை, இருபுறமும் ஓரங்குலம் நல்ல ஹோஸையும் சேர்த்து, கூரிய கத்தியால் நேராக வெட்டுங்கள். சரிவாக வெட்டினால் அந்தப் பக்கத்தால் ஒழுகும்.

2. ஹாட்வெயார் கடையில் ஹோஸின் அளவைச் சொல்லி ஒரு ஜொயினரும் இரண்டு கிளிப்பும் வாங்குங்கள். வெட்டிய துண்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்பது ஹோஸின் உள்வாய் அளவு, வெளியளவு அல்ல.

3. முக்கால் அங்குல ஹோஸ் என்றால் ஜொயினர் இல்லாமலும் சமாளிக்கலாம். அதன் உள்விட்டம் 19 மில்லிமீற்றர். அரை அங்குல பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர். ஆறு அங்குலப் பைப் துண்டு அதற்குள் இறுக்கமாகப் போகும்.

4. கிளிப்பை முதலில் ஹோஸில் மாட்டிவிடுங்கள். இதை மறந்து, ஏற்றியதைத் திரும்பக் கழற்றியவர்களில் நானும் ஒருவன்.

5. ஹோஸின் நுனியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் பிடியுங்கள். இளகியதும் ஜொயினரில் முழுவதுமாக ஏற்றுங்கள். நெருப்பில் வாட்ட வேண்டாம், கருகிய இடம் பிறகு வெடிக்கும்.

6. ஆறிய பின்பே கிளிப்பைத் திருப்புளியால் இறுக்குங்கள். சூட்டில் இறுக்கினால் கிளிப் ஹோஸை வெட்டும்.

கிளிப் இல்லாவிட்டால் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றிக் குறடால் முறுக்கலாம். ஆனால் கம்பிக்கு அடியில் ஒரு ரியூப் துண்டு கட்டாயம் இருக்க வேண்டும்.

என் நான்கு ஒழுக்கில் ஒன்று வாயில் இருந்தது. வாசரோடு முடிந்தது. மற்ற மூன்றையும் வெட்டி இணைத்தேன். ஒரு காலைப்பொழுது போனது. கிணற்றடியில் ஒரு கதிரையில் இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலை அது.

திரும்பவும் ஒழுகாமல் இருக்க

ஹோஸுக்கு முதல் எதிரி வெயில். வெயிலில் கிடந்தால் பிளாஸ்ரிக்கின் மென்மை போய் விறைத்து வெடிக்கும். வேலை முடிந்ததும் சுற்றி நிழலில் வையுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் மடியும் இடத்தில் பிளக்கும். நான் பழைய மோட்டார் சைக்கிள் ரயர் ஒன்றைச் சுவரில் அடித்து அதில் சுற்றி வைக்கின்றேன். மோட்டரை நிறுத்தாமல் நுனியை அடைத்து வைக்கவும் கூடாது. முழு அழுத்தமும் பலவீனமான இடத்தைத் தேடும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. வாழைக்காகவும் தண்ணீருக்காகவும் யானைகள் இரவில் வளவுக்குள் வரும். வெளியே கிடக்கும் ஹோஸை மிதித்துவிட்டுப் போனால் ஒட்டவும் முடியாது, இணைக்கவும் முடியாது. மாலையில் ஹோஸைச் சுற்றி எடுப்பதற்கு அதுவும் ஒரு நியாயம்.

இன்னொரு எச்சரிக்கை. மருந்து கரைக்கும் பீப்பாவுக்குள் ஹோஸின் நுனியை அமிழ்த்தி வைக்காதீர்கள். மோட்டர் நின்றதும் நீர் பின்னோக்கி இழுபட்டால் மருந்து கிணற்றுக்கே போய்விடும். ஒழுகித் தேங்கிய நீரில் நுளம்பு பெருகுவதும் தெரிந்ததுதான்.

இனித் திருத்த முடியாது என்றால்

ஹோஸை மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளையாக நுண்வெடிப்புகள் தெரிந்தால், அதுவும் பல இடங்களில் தெரிந்தால், அதற்கு மேல் கிளிப் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். ஆனால் எறியவும் வேண்டாம்.

என் பழைய ஹோஸில் 10 மீற்றர் துண்டை மிளகாய் வரிசையோரம் போட்டிருக்கின்றேன். ஒரு நுனியை மடித்துக் கட்டி, ஒவ்வொரு கன்றுக்கும் நேராகச் சூடாக்கிய ஊசியால் ஒரு துளை போட்டேன். மறுநுனி தாங்கியில் இருக்கின்றது. துளைகளை மேற்பக்கமாக வைத்தால் மண் அடைக்காது. மாலையில் திறந்துவிட்டால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அடிமண்ணுக்குப் போகின்றது. அந்த வரிசைக்கு நான் இப்போது நடப்பதே இல்லை.