சிக்னலில் நின்றதும் ஆஃப் ஆகும் பழைய வண்டி... கார்புரேட்டரை மாற்றும் முன் இந்த 5 சோதனைகளை செய்து பாருங்க!

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடுகிறது. இல்லாவிட்டால், கையை எடுத்த பிறகும் இன்ஜின் தானாக ரேஸ் ஆகிக்கொண்டே இருக்கிறது. பழைய ஸ்ப்ளெண்டர், புல்லட், ஆர்எக்ஸ் 100, ஆரம்பகால மாருதி 800, அம்பாசிடர் என கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி.

"கார்புரேட்டர் போச்சு, மாத்திடலாம்" என்பதுதான் பல நேரங்களில் கிடைக்கும் முதல் பதில். ஆயிரக்கணக்கில் செலவு செய்து மாற்றிய பிறகும் அதே பிரச்னை தொடர்ந்தால்? குற்றவாளி ஒரு வெடித்த ரப்பராகவோ, லூஸான கிளாம்பாகவோ இருக்கலாம். மெக்கானிக்குகள் 'ஏர் எடுக்குது' என்று சொல்லும் வேக்கம் லீக் இதுதான்.

வேக்கம் லீக் என்றால் என்ன?

பிஸ்டன் கீழே இறங்கும்போது இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று கார்புரேட்டர் வழியாகப் போகும்போதுதான் அதற்கேற்ற பெட்ரோல் கலக்கிறது. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று தேவை.

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு விரிசல் இருந்தால், அதன் வழியே வெறும் காற்று உள்ளே போகும். இந்தக் காற்று கார்புரேட்டரின் கணக்கில் வராதது. அதனால் பெட்ரோல் குறைந்து, கலவை 'லீன்' ஆகிவிடும்.

ஐடிலிங்கில் மட்டும் ஏன் தெரிகிறது?

ஆக்சிலேட்டரை விட்டதும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். அப்போதுதான் உள்ளே உறிஞ்சும் வேகம் மிக அதிகம். இன்ஜினுக்குப் போகும் மொத்தக் காற்றோ மிகக் குறைவு. எனவே சின்ன ஓட்டை வழியாக நுழையும் காற்றுகூட பெரிய பங்காகிவிடும். த்ராட்டிலைத் திறந்ததும் உறிஞ்சல் குறையும், மொத்தக் காற்று கூடும். ஓட்டையின் பாதிப்பு அதில் கரைந்துவிடும். ஓடும்போது நல்லா இருக்கிற வண்டி, நின்றால் மட்டும் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

என்னென்ன அறிகுறிகள்?

* இன்ஜின் சூடான பிறகும் சோக் போட்டால்தான் நிற்கும்
* ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் மெதுவாகத்தான் இறங்கும்
* வேகத்தைக் குறைக்கும்போது சைலன்ஸரில் 'பட் பட்' என்று வெடிக்கும்
* ஸ்பார்க் பிளக்கின் முனை வெள்ளையாக வெளுத்திருக்கும்
* ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் பெரிய மாற்றம் இருக்காது

வீட்டிலேயே செய்யக்கூடிய 5 சோதனைகள்

இவற்றை திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

1. ஹேண்டில்பார் சோதனை: ஐடிலிங்கில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசா திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் த்ராட்டில் கேபிள் டைட்டாக இருக்கிறது என்று அர்த்தம். கேபிளை சரிசெய்தாலே போதும்.

2. சோக் சோதனை: சூடான இன்ஜினில் சோக்கை லேசாகப் போடுங்கள். ஐடிலிங் சீரானால் கலவை லீனாக இருப்பது உறுதி. ஆனா காரணம் ஏர் லீக்காகவும் இருக்கலாம், அடைபட்ட ஸ்லோ ஜெட்டாகவும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல அடுத்த சோதனைகள் தேவை.

3. கண்ணால் பார்ப்பது: இன்ஜின் ஆறிய பிறகு, கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்ட் ரப்பரை வளைத்துப் பாருங்கள். பல விரிசல்கள் வளைத்தால்தான் வாயைத் திறக்கும். கிளாம்ப், ஓ ரிங், கேஸ்கெட், பெட்ரோல் டேப்புக்குப் போகும் வேக்கம் டியூப் இருந்தால் அதையும் விடாதீர்கள்.

4. சோப்புத் தண்ணீர் சோதனை: இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, ஸ்பிரே பாட்டிலால் இணைப்புகள் மீது கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். எந்த இடத்தில் அடிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ, ஓட்டை அங்கேதான். பிளக் கேப், ஏர் ஃபில்டர் பக்கம் அடிக்க வேண்டாம். சிலர் கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ அடித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்ஸர் பக்கத்திலேயே இருப்பதால் தீப்பிடிக்கும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

5. டியூபை அழுத்திப் பார்ப்பது (கார்களுக்கு): மேனிஃபோல்டில் இருந்து கிளம்பும் ஒவ்வொரு வேக்கம் டியூபையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி மூடுங்கள். எதை மூடும்போது ஐடிலிங் சீராகிறதோ, லீக் அந்தப் பாதையில் இருக்கிறது.

பிரேக்கையும் பாருங்க!

பிரேக் பூஸ்டர் உள்ள கார்களில் இது வெறும் ஐடிலிங் பிரச்னை அல்ல. பூஸ்டர் வேலை செய்வதே இன்ஜின் வேக்கத்தில்தான். அந்த டியூப் வெடித்தால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். இன்ஜினை ஆஃப் செய்து பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழைப்பதே பாதுகாப்பு.

வேக்கம் கேஜ் என்ன சொல்லும்?

நல்ல நிலையில் உள்ள கார் இன்ஜின், ஐடிலிங்கில் சுமார் 17 முதல் 21 மெர்க்குரி அங்குலம் காட்டும். முள் ஆடாமல், அதே நேரம் மிகத் தாழ்வாக நின்றால் ஏர் லீக்கோ, இக்னிஷன் டைமிங் கோளாறோ இருக்கலாம். மலைப்பகுதியில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். 1,000 அடி உயரத்துக்கு சுமார் 1 அங்குலம் குறையும். சென்னையில் 20 காட்டும் வண்டி, 7,000 அடிக்கு மேல் இருக்கும் ஊட்டியில் 13 காட்டினால் அது குறை அல்ல.

லீக் இல்லை என்றால்?

அடுத்த சந்தேகம் ஸ்லோ ஜெட். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் பிசினாகி இதன் நுண்ணிய துளையை அடைத்துவிடும். இதில் ஐடிலிங் குறையுமே தவிர, தானாக ரேஸ் ஆகாது. டேப்பெட் இடைவெளி ரொம்ப டைட்டாக இருந்தாலும் சூடானதும் வண்டி நின்றுபோகும். 2 ஸ்ட்ரோக் வண்டிகளில் கிராங்க் ஆயில் சீல் வழியாகவும் காற்று புகும். கார்புரேட்டர் பக்கம் எவ்வளவு தேடினாலும் இது சிக்காது.

எத்தனாலுக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் கலவை ஓரளவு லீனாகும். புதிய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் சென்சார் உதவியுடன் அதை சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. எத்தனாலுக்காகத் தயாரிக்கப்படாத பழைய ரப்பர் பாகங்களும் சீக்கிரம் கெட வாய்ப்புண்டு.

சரிசெய்த பிறகு டியூனிங் எப்படி?

லீக்கை அடைத்த பிறகே ஸ்க்ரூவைத் தொட வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடானதும், மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாகத் திருகி ஆர்பிஎம் அதிகபட்சமாக ஏறும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் ஆர்பிஎம்மைக் குறையுங்கள். 100 சிசி பைக்குகள் பலவற்றுக்கு 1,400 ஆர்பிஎம் சரியான அளவு. உங்கள் வண்டியின் மேனுவலில் இருப்பதே இறுதி. ஸ்க்ரூவை அழுத்தி இறுக்கினால் அதன் ஊசி முனை சேதமாகும்.

'சோக் போட்டு ஓட்டிக்கலாம்', 'ஐடிலிங்கை ஏத்தி வெச்சுக்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம். லீன் கலவையில் தொடர்ந்து ஓடும் இன்ஜின் அதிகம் சூடாகும். 2 ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டனே ஜாம் ஆகலாம். நடுரோட்டில், பின்னால் லாரி வரும்போது வண்டி ஆஃப் ஆனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இந்த 5 சோதனைகளுக்கு ஒதுக்கலாமே!