ஈசல் பானையிலிருந்து பெர்லின் வரை

ஈசல் கிளம்பும் நாளுக்கு முன்பே புற்றில் இரண்டு துளை போட்டுவிட வேண்டும். காற்று வரும் பக்கத்துத் துளையில் நாற்றமெடுக்கும் குப்பையைக் கொளுத்திப் புகை மூட்ட வேண்டும். எதிர்ப்பக்கத் துளையில், கறிவேப்பிலை தேய்த்த பானையின் வாயைப் பொருத்த வேண்டும். புகை தாங்காமல் ஈசல் கூட்டம் பானைக்குள் வந்து விழும். சில சமயம் நல்ல பாம்பும் வரும்; பானையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

தென்னாட்டு மக்களின் இந்தக் கைப்பக்குவத்தைப் பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்கத்துக்கு எழுதி அனுப்பியவர் ஒரு மருத்துவர். ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து மலிவாக விற்கிறார்கள் என்றும், அளவு மீறித் தின்றால் வயிற்றுக்கடுப்பும் சீதபேதியும் வந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆளைக் கொன்றுவிடும் என்றும் அவர் எழுதினார். இதில் கடைசிச் செய்தி வைத்தியர் கண்ணுக்கே படக்கூடியது. 1779இல் கட்டுரை அச்சானது. 1781இல் ஆப்பிரிக்கக் கரையானைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய ஹென்றி ஸ்மீத்மேன் இதை எடுத்துக்காட்டினார்.

எழுதியவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக். 1728இல் பால்டிக் பகுதியில் பிறந்தவர். ஸ்வீடனில் லின்னேயஸிடம் தாவரவியல் படித்தவர். 1764-65இல் டென்மார்க் அவரை ஐஸ்லாந்துக்குச் செடி சேகரிக்க அனுப்பியது. அங்கே கிடைத்த ஒரு சிறு செடிக்கு லின்னேயஸ் தன் மாணவர் பெயரைச் சேர்த்துக் கோனிகியா என்று பெயரிட்டார். அடுத்த வேலை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில், சீகன்பால்கு 1706இல் வந்து தொடங்கிய மிஷனில், மருத்துவராக. 1768இல் வந்து சேர்ந்தார்.

மிஷன் சம்பளம் ஊர் சுற்றிச் செடி பறிக்கப் போதவில்லை. 1774இல் ஆற்காட்டு நவாப் முகமது அலியிடம் இயற்கை ஆய்வாளராகப் போனார். 1778இல் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டு சயாமுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பியது. சாயம், மருந்து, மசாலா என்று விற்கத்தக்க செடி எதுவும் கம்பெனிக்கு அக்கறைதான். நோயாளியைப் பார்த்துப் பிழைத்தவர் என்பதைவிடச் செடியைப் பார்க்கக் காசு தருகிறவரைத் தேடி அலைந்தவர் என்பதே கோனிக்குக்குப் பொருந்தும்.

புத்தகம் போடுவதில் அவர் வேகம் காட்டவில்லை. உலர்த்திய செடியும் பூச்சியும் குறிப்புமாகக் கப்பலேற்றிவிடுவார். பெயரிட்டு அச்சில் ஏற்றியவர்கள் ஐரோப்பிய நண்பர்கள். கறிவேப்பிலையை 1771இல் பெர்கெரா கோனிகியை என்று பதிவு செய்தவர் லின்னேயஸ். பின்னால் அது முராயா கோனிகியை ஆனது. இப்போது பலர் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். எப்படி மாறினாலும் பின்பாதியில் கோனிக் இருக்கிறார். பருத்தி வயலில் மொய்க்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்கு, லின்னேயஸிடமே படித்த ஃபாப்ரிசியஸ் 1775இல் இட்ட பெயரிலும் அவர்தான். இஞ்சிக் குடும்பச் செடிகளைப் பற்றி அவர் எழுதியதை ஸ்வீடனின் ரெட்சியஸ் 1783இல் தன் நூலில் சேர்த்து வெளியிட்டார்.

தரங்கம்பாடியிலும் அவர் ஒரு வட்டத்தை விட்டுச் சென்றார். 1776இல் அங்கு வந்த மிஷனரி ராட்லருக்குச் செடி ஆசையை ஊட்டியவர் கோனிக். தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்த அதே ராட்லர்தான். ஆந்திரக் கரையில் இருந்த கம்பெனி மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க்கும் அவருக்கு நண்பர்.

காக்கிநாடா அருகே ஜகந்நாதபுரத்தில் 1785 ஜூன் 26இல் கோனிக் இறந்தார். தான் எச்சரித்த அதே சீதபேதிதான். ராக்ஸ்பர்க் உடனிருந்து பார்த்தும் பிழைக்கவில்லை. கையெழுத்துப் படிகள் அனைத்தையும் லண்டனிலிருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிவைத்திருந்தார். கம்பெனியில் கோனிக் இடத்துக்கு வந்தவர் பேட்ரிக் ரஸ்ஸல், அவரும் மருத்துவர். கோனிக்கின் சயாம் பயண நாட்குறிப்பு 1894இல்தான் ஆங்கிலத்தில் அச்சேறியது.